சொன்னதைச் சொன்னபடி

ஆய்வு அலுவலர் பதினோரு மணிக்கு வருவதாகத்தான் கடிதத்தில் இருந்தது. ஆனால் ஒன்பதரைக்கே சைலப்பனுக்கு உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிட்டது. வேட்டியில் துடைத்தார். மறுபடி வியர்த்தது. சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த கடிதத்தை எடுத்து, ஆறாவது தடவையாக அந்த மூன்றாம் பத்தியை மட்டும் படித்தார்.

“முறைகேடு உறுதியானால், தெரிந்து செய்திருந்தாலும் தெரியாமல் செய்திருந்தாலும், சொல்லிணைக் கருவி அன்றே அகற்றப்படும்.”

எதிரே நாற்காலியில் அவர் மனைவி உலகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை கட்டி, இடது கையாலேயே பொட்டு வைத்திருந்தாள். பொட்டு கொஞ்சம் கோணல். வலது கை மடியில் துணி மூட்டை மாதிரி கிடந்தது. அவள் வாய் அசையவில்லை. ஆனால் சைலப்பனின் தலைக்குள், காதுக்கும் நினைப்புக்கும் நடுவில் ஓர் இடத்தில், அவள் குரல் கேட்டது.

‘சும்மா அந்தக் கடுதாசியையே பாத்துக்கிட்டு இருக்கிய. எழுத்து மாறிருமா?’

“மாறாது” என்று வாய்விட்டுச் சொல்லிக் கடிதத்தை மடித்தார். அவளிடமிருந்து அவருக்கு மட்டுமே அந்தப் பாதை. அவர் நினைப்பது அவளுக்குப் போகாது. அதை நினைத்து இன்றுதான் முதல்முறையாக நிம்மதிப்பட்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலைப்பொழுதில் காப்பித் தம்ளரோடு கீழே விழுந்தவளுக்கு, எழுந்தபோது பேச்சு போயிருந்தது. ‘தே... தே...’ என்று ஒரே ஒலி. எழுதவும் வராது. தலையாட்டலை நம்பவும் முடியாது. வேண்டும் என்பதற்கு மறுத்தும், வேண்டாம் என்பதற்குத் தலையசைத்தும், பிறகு தன் தலைமேலேயே கோபப்பட்டு அழுவாள். மருத்துவச் சான்றிதழில் அதையும் ஒரு வரியாக எழுதிக் கொடுத்திருந்தார்கள்: தலையசைப்பைப் பதிலாகக் கொள்ள இயலாது. அப்புறம் இந்தச் சொல்லிணை வந்தது. இருவருக்கும் காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஓர் இதழ், அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொத்தான். பதினொரு மாதம் பழகி அவள் பேசிய முதல் வார்த்தை, ‘உப்பு கூட’.

உள்ளிருக்கும் இதழை ஒருமுறை எடுத்துவிட்டால் பழகிய தடம் அழிந்துபோகும். அவள் வயதுக்கு இரண்டாம் முறை அமையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இருவரும் போனபோது மேற்கு மலை மனமகிழ் மன்றத்தில் மேசையைத் துடைத்துப் போட்டிருந்தார்கள். வேலாயுதம் முன்பே வந்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புகார் எழுதியவர் அவர்தான். அவருடைய ஜோடியாக ஆடும் ஜெபராஜ் மட்டும் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வாங்க மைனி. இன்னைக்கு நமக்குப் பரீட்சையாம். அண்ணாச்சி, பென்சில் சீவிக் கொண்டாந்தியளா?”

சைலப்பன் உலகேஸ்வரியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

அந்த மன்றத்தில் இருபத்தெட்டுதான் ஆட்டம். நாலு பேர், எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஜாக்கிதான் பெரிய சீட்டு. எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, துருப்பை மறைத்து வைத்து ஆட வேண்டும். பந்தயம் கிடையாது. தோற்ற ஜோடி இரண்டு காதிலும் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முன்பு பலா இலையைச் சுருட்டி மாட்டினார்கள். இப்போது துணி காயப்போடும் கிளிப்பு. கடந்த மூன்று மாதத்தில் ஆடிய இருபத்திரண்டு நாளில் பத்தொன்பது நாள், வேலாயுதம் சிவப்புக் கிளிப்பும் நீலக் கிளிப்புமாக உட்கார்ந்திருந்தார். டீக்கடைக்காரர் தட்டை நீட்டும்போதெல்லாம் அவர் காதைத்தான் முதலில் பார்த்தார்.

உலகேஸ்வரிக்கு அந்த மேசை வேறு மாதிரி. அங்கே அவளுக்கு யாருடைய வாயும் தேவையில்லை. கேள்விக்கு எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவாள். சீட்டைப் போடுவாள், எடுப்பாள். நாலு பேரில் ஓர் ஆள். அதனால்தான் அவள் வாரத்தில் இரண்டு நாள் கிளம்பினாள்.

அலுவலர் நிலோபர் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். ஒரு பெட்டி, ஒரு கோப்பு, கழுத்தில் அடையாள அட்டை. முதலில் உலகேஸ்வரியிடம் போய் வணக்கம் சொன்னார். சைலப்பனுக்கு அது பிடித்தது. பிடித்ததே பயத்தைக் கூட்டியது.

“மேசைக்கு வந்தா பொத்தானைக் கழட்டிடுவீங்களா?”

“ரெண்டு பேருமே கழட்டி, அந்த ஆணியில மாட்டிருவோம்மா. செயலாளர் நான்தான். விதியே நான்தான் எழுதினேன்” என்றார் சைலப்பன்.

“விதி எழுதுனது அவருதான்” என்றார் வேலாயுதம் சுவரைப் பார்த்தபடியே. “அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க.”

நிலோபர் பெட்டியைத் திறந்தார். “பொத்தான் இல்லாம வேலை செய்யாதுன்னுதான் தயாரிச்சவங்க சொன்னாங்க. ஆனா ஒரு வருஷமா அங்கங்க புகார் வருது. நல்லாப் பழகிட்ட ஜோடின்னா, பக்கத்துல உக்காந்தா உள்ள இருக்கற இதழே போதுமாம். வார்த்தையா வராது. ஒரு சாயலா வருமாம். வாங்கறவருக்கே அது தன்னோட யோசனை மாதிரிதான் இருக்கும்.”

“எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லம்மா.”

“வந்தாலும் தெரியாதுன்னுதானே சொல்றேன்.”

“அப்படின்னா கருவியில பதிவு இருக்கும்லா? எடுத்துப் பாருங்களேன்” என்றார் ஜெபராஜ்.

“பதிவாகாதுங்க. ஒருத்தர் மனசைப் பதிவு பண்ணச் சட்டம் இடம் கொடுக்கலை. அவங்க என்ன சொன்னாங்கன்றதுக்கு இந்த உலகத்துல ஒரே சாட்சி இவர்தான்.” நிலோபர் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். “சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. உங்க கையெழுத்துதானே?”

“என்னோடதுதான்.”

சோதனை எளிமையானது. பொத்தான்கள் ஆணியில் தொங்க, வழக்கம்போல ஆறு ஆட்டம். பிறகு உலகேஸ்வரியின் நெற்றியைச் சுற்றி அகலமான கறுப்புப் பட்டி ஒன்றைக் கட்டி ஆறு ஆட்டம். பட்டி இருந்தால் இதழ் ஊமையாகிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லையென்றால் புகார் தள்ளுபடி.

சைலப்பனின் பயம் வேறு. அது இந்தப் பெட்டியில் அகப்படாத பயம்.

அவரும் உலகேஸ்வரியும் இருபத்துநாலு வருஷமாகக் கள்ளாட்டம் ஆடுகிறவர்கள். இணைப்பும் இல்லை, இதழும் இல்லை. வெறும் சாடை. கையில் ஜாக்கி இருந்தால் கட்டை விரல் சீட்டின் மேல் விளிம்பில் இருக்கும், இல்லாவிட்டால் நடுவில். கறுப்பு பலம் என்றால் இடது புருவம் ஒருமுறை ஏறி இறங்கும், சிவப்பு என்றால் உதடு ஈரமாகும். நீங்கள் ஏற்றிக் கேளுங்கள் என்பதற்கு ஒரு மூச்சு. எல்லாம் அவர் வகுத்தது. அதில் முதல் விதியே, வீட்டில்கூட அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பதுதான். பேசிப் பேசித்தான் மற்றவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவர் கணக்கு. இத்தனை வருஷத்தில் அவர்கள் அதை ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவள் விழுந்து எழுந்து மறுபடி மேசைக்கு வந்த முதல் நாள், அவள் இடது கட்டை விரல் மேல் விளிம்பில் இருப்பதைப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இது போகவில்லையே என்று.

இதே சைலப்பன்தான், ஏழு வருஷத்துக்கு முன் வேலாயுதத்தின் அண்ணன் அருணாசலத்தை, சீட்டின் மூலையில் நகத்தால் கீறினார் என்று எல்லார் முன்னாலும் நிறுத்தி, மன்றப் பலகையிலிருந்து பெயரை அடித்தவர். அருணாசலம் அந்த வாரமே மகன் வீட்டுக்குப் போனார். கோயில் கொடைக்குக்கூடத் திரும்பி வரவில்லை.

முதல் ஆறு ஆட்டத்தில் கணவனும் மனைவியும் ஐந்தை ஜெயித்தார்கள். சைலப்பன் குனிந்த தலை நிமிரவில்லை. ஓரக்கண்ணால் அவள் விரலைப் பார்த்தார், கேட்டார், எடுத்தார். நிலோபர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஜெபராஜ் பழக்கதோஷத்தில் கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பிறகு பட்டி கட்டினார்கள். அது உலகேஸ்வரியின் புருவத்தை மூடியது.

ஏழாவது ஆட்டத்தில் கட்டை விரல் மேல் விளிம்பில் இருந்தது. உதடு ஈரமானது. சைலப்பன் துணிந்து இருபது கேட்டு, சிவப்பு இனமான ஆட்டினைத் துருப்பாக வைத்தார். அவள் கையில் ஓர் ஆட்டின்கூட இல்லை. எட்டாவதில் விரல் நடுவில் இருந்தது. அவர் ஒதுங்கினார். அவள் கையிலிருந்து இரண்டு ஜாக்கி விழுந்தது. எப்போதும் சீட்டைப் பார்த்தவுடன் மனதில் ஒரு சாய்வு வருமே, இந்தப் பக்கம் போ என்று, அது இன்று வரவில்லை. ஏதோ பல் விழுந்த இடத்தை நாக்கு தேடுகிற மாதிரி அதைத் தேடினார். ஒன்பது, பத்து, பதினொன்று போயின. பன்னிரண்டாவது மட்டும் அதிர்ஷ்டத்தில் கிடைத்தது.

நிலோபர் பேனாவை மூடினார். “அஞ்சு. ஒண்ணு.” குரலில் வெற்றி எதுவுமில்லை. “சார், உங்க மேல தப்பு சொல்ல வரலை. தெரியாமத்தான் நடந்திருக்கும். ஆனா இதழ் கசியுது. இதே கசிவு நாளைக்கு ஒரு பரீட்சை ஹால்ல நடக்கலாம், கோர்ட்டுல நடக்கலாம். எனக்கு வேற வழியில்லை. வேன் வெளிய நிக்குது. அரை மணி நேரம்தான் ஆகும், வலிக்காது.”

உலகேஸ்வரி பட்டியைக் கழற்றக்கூடத் தோன்றாமல் சைலப்பனையே பார்த்தாள். “தே...” என்றாள்.

சைலப்பன் எழுந்தார். முழங்கால் மேசையில் இடித்துச் சீட்டு சரிந்தது.

“இணைப்பு இல்லம்மா. நாங்க கள்ளாட்டம் ஆடினோம்.”

வேலாயுதம் முதல்முறையாகச் சுவரிலிருந்து திரும்பினார்.

சைலப்பன் ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். விரல், உதடு, மூச்சு, புருவம். பட்டி புருவத்தை மறைத்துவிட்டது, அதனால்தான் தடுமாறினோம் என்றார். இருபத்துநாலு வருஷம் என்றார். சொல்லச் சொல்லக் குரல் உறுதியாயிற்று. மானம் போகிற வேதனையைவிட, அவள் குரல் தங்கும் என்ற நம்பிக்கை பெரிதாக இருந்தது.

“எங்க அண்ணனை நிறுத்தி வச்சுக் கேள்வி கேட்டீரே வே” என்றார் வேலாயுதம். அடித் தொண்டையில் வந்தது அது. “அன்னைக்கு அந்த நாக்காலியில உம்ம வீட்டம்மாவும்தானே இருந்தாவ? அன்னைக்கும் விரல் அங்கனதான் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“அந்த விரலை நான் முப்பது தடவை பாத்திருக்கேன். என்னமோ இருக்குன்னு தோணும். மெஷின்மேல பழியைப் போட்டேன் பாத்தீரா? மெஷின் நல்லதுதான். மனுஷன்தான் கள்ளன்.” நிலோபர் பக்கம் திரும்பினார். “நான் புகாரை வாபஸ் வாங்கிக்கிடுதேன். எனக்கு இது போதும்.”

நிலோபர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அவங்க வாக்குமூலமும் வேணும். சைகை ஒரு ஆள் மட்டும் காட்ட முடியாதே.”

பட்டியைக் கழற்றினார்கள். ஆணியிலிருந்து பொத்தான்களை எடுத்து வந்து இருவருக்கும் ஒட்டினார்கள். பச்சை விளக்குகள் எரிந்தன. நிலோபர் நாற்காலியை இழுத்து உலகேஸ்வரியின் எதிரில் உட்கார்ந்தார்.

“அம்மா, சார் சொன்ன சைகையெல்லாம் நீங்க தெரிஞ்சுதான் காட்டுனீங்களா? பொறுமையா சொல்லுங்க.”

சைலப்பன் காத்திருந்தார். பதில் வந்தது. அவர் எதிர்பார்த்ததைவிடத் தெளிவாக, ஒரு சொல்கூட மங்காமல்.

‘எந்தச் சாடை? அதெல்லாம் எனக்கு விழுந்த அன்னைக்கே போயிருச்சே. ஆஸ்பத்திரியில முழிச்சப்ப ஒண்ணுமே ஞாபகமில்ல. நீங்க சொல்லச் சொல்லத்தான் இப்ப நெனவு வருது. ஒத்தைக் கையில சீட்டைப் பிடிச்சா விரல் எங்கனயாவது போய் நிக்கும். உதடு காஞ்சா நனைக்கேன். நான் ஒழுங்காத்தான் ஆடினேன். மறுபடி ஆட வந்ததுலேர்ந்து ஒழுங்கா ஆடித்தான் செயிக்கோம்னு இருந்தேன்.’

பிறகு:

‘அதைச் சொல்லுங்க அவங்ககிட்ட. நான் கள்ளாட்டம் ஆடலன்னு சொல்லுங்க.’

அப்படியானால் சைலப்பன் இத்தனை நாளாக விரலைப் பார்த்துப் படித்ததெல்லாம்? விரலில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. அலுவலர் சொன்னதுதான். இதழ் கசிந்திருக்கிறது. வந்த சாயலுக்கு அவர் விரலைக் காரணம் காட்டியிருக்கிறார்.

“என்ன சார் சொல்றாங்க?”

ஜெபராஜ் காதில் கிளிப்பு இன்னும் தொங்கியது. வெளியே வேனின் கதவை யாரோ திறந்து மூடினார்கள்.

அவள் சொன்னதைச் சொன்னபடி சொன்னால், அரை மணி நேரத்தில் அவள் சொல்வதற்கு எதுவும் இருக்காது. சாகும்வரை தே, தே. அவர் அவளைப் பார்க்காமல் பேசினார்.

“ஆமா, தெரிஞ்சுதான் செஞ்சோம். ரெண்டு பேருந்தான் செஞ்சோம். மன்னிச்சிருங்கன்னு சொல்லுதா.”

உலகேஸ்வரியின் தலை ஆடியது. இடமும் வலமுமாக, முதலில் மெல்ல, பிறகு வேகமாக. இடது கை மேசையைத் தட்டியது. “தே! தே! தே!”

“அழுறாங்களே” என்றார் ஜெபராஜ். “போதும் மைனி. ஆட்டந்தானே, விடுங்க.”

நிலோபர் கொஞ்ச நேரம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோப்பைப் புரட்டி மருத்துவச் சான்றிதழில் அந்த ஒரு வரியைப் படித்தார். தலையசைப்பைப் பதிலாகக் கொள்ள இயலாது. பேனாவைத் திறந்து எழுதினார். சைலப்பன் கையெழுத்துப் போட்டார். உலகேஸ்வரிக்காகவும் அவரே போட்டார்.

வேலாயுதம் கிளிப்புகளை எடுத்து வந்து, சைலப்பனின் இரண்டு காதிலும் மாட்டினார். பெயர்ப் பலகையில் இரண்டு பெயரையும் அடித்தார். சைலப்பனுக்குக் காது வலித்தது. இவ்வளவோடு போனதே என்று அந்த வலியை ஏற்றுக்கொண்டார்.

வீடு வந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். “மத்தியானத்துக்குப் புளிக்குழம்பு வைக்கவா, ரசமே போதுமா?”

வழக்கமாகக் கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிடும். வரவில்லை. எட்டிப் பார்த்தார். உலகேஸ்வரி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

“கோவமா இருக்கியா? இரு. நியாயந்தான். எனக்கு வேற என்ன வழி இருந்துச்சு, நீயே சொல்லு.”

எதுவும் வரவில்லை.

சாயங்காலம் பொத்தானைக் கழற்றிப் பஞ்சால் துடைத்து ஒட்டினார். மறுநாள் மின்கலத்தை மாற்றினார். மூன்றாம் நாள் சேவை மையத்தின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும்போதே துண்டித்தார். என்ன கோளாறு என்று சொல்வது? விளக்கு பச்சையாகத்தான் எரிந்தது. சோறு வைத்தால் சாப்பிட்டாள். மாத்திரை கொடுத்தால் விழுங்கினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தலைக்குள் அந்த இடம் மட்டும், ஆள் காலிபண்ணிப் போன வீடு மாதிரி சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து மகள் செண்பகம் திரையில் வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“அப்பா, அம்மாவைக் கூப்பிடுங்க. எம்மா, எப்படி இருக்க?”

உலகேஸ்வரி திரைக்கு அருகில் வந்து உட்கார்ந்தாள். மகள் முகத்தை விரலால் தொட்டாள். சைலப்பன் காத்திருந்தார். மகளுக்காகவாவது ஒரு சொல் வரும்.

“என்னப்பா சொல்லுதா?”

“சாப்பிட்டியான்னு கேக்கா” என்றார் சைலப்பன்.

“சாப்பிட்டேம்மா. இட்லி.” செண்பகம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்தினாள். “எம்மா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு மாசமா மனசுக்குள்ளயே வச்சிருக்கேன். என்னால எங்க வீட்டுக்காரரோட இருக்க முடியலம்மா. பிள்ளையைக் கூட்டிட்டு வந்துரலாமான்னு பாக்கேன். அப்பா சொல்லுததைக் கேக்க மாட்டேன், அவரு பொறுத்துப்போன்னுதான் சொல்லுவாரு. நீ சொல்லும்மா. நீ என்ன சொன்னாலும் அப்படியே செய்யுதேன்.”

உலகேஸ்வரி மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்திருந்தது. தலைக்குள் ஒரு சத்தமும் இல்லை.

“அப்பா? என்ன சொல்லுதா அம்மா?”

சைலப்பன் மனைவியின் முகத்தைவிட்டுத் திரைப் பக்கம் திரும்பினார்.

“அம்மா என்ன சொல்லுதான்னா...” என்று ஆரம்பித்தார்.